மாவு கறுக்கலாம், கருகக் கூடாது: லூசியானா சமையல் கேள்வி-பதில்

போன இதழில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துச் சமையலைப் பற்றி, முக்கியமாகச் சோற்றோடு சாப்பிடும் கம்போ என்ற குழம்பையும், இறைச்சியோடு அரிசியை ஒரே சட்டியில் வேகவைக்கும் ஜம்பலாயாவையும் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வந்ததில் பாதிக்கு மேல் ஒரே குறை: "செய்முறையில் சொன்ன எல்லாவற்றையும் போட்டேன், ஆனாலும் ருசி கூடவில்லை." கடிதங்களை அடுத்தடுத்துப் படித்தால் காரணம் புரிந்துவிடுகிறது. எல்லோரும் எந்த மசாலாத் தூள், எந்தக் கம்பெனி சாஸ் என்று கேட்கிறீர்கள், முதல் அரை மணி நேரம் அடுப்பில் என்ன நடந்தது என்று ஓரிருவர்தான் எழுதுகிறீர்கள். இந்தச் சமையலில் ருசி பிறப்பது சட்டியின் அடியில், மாவும் வெங்காயமும் இறைச்சியும் நிறம் மாறுகிற அந்த நேரத்தில்தான். பதில்களில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேஜன் என்றும் கிரியோல் என்றும் மாற்றி மாற்றி எழுதுகிறீர்கள். இரண்டும் ஒன்றா, வேறா? தக்காளி போட்டால் கிரியோல், போடாவிட்டால் கேஜன் என்கிறாள் என் மகள். சரியா?

பதில்: முக்கால்வாசி சரி. கிரியோல் என்பது நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் சமையல். 1718இல் பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கிய துறைமுக நகரம் அது. பிறகு ஸ்பெயின் ஆண்டது, 1803இல் அமெரிக்கா வாங்கியது. துறைமுகம் என்பதால் தக்காளி, வெண்ணெய், கடலுணவு, வெளியூர்ச் சரக்கு எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. அந்தப் பெரிய வீடுகளின் அடுப்படியில் நின்று சமைத்தவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் என்பதை மறக்கக் கூடாது. வெண்டைக்காய் அந்த மண்ணுக்கு வந்ததே அவர்களால்தான், கம்போவின் உயிரும் அவர்கள் கை தந்தது.

கேஜன் மக்களின் கதை வேறு. கனடாவில் இன்று நோவா ஸ்கோஷியா இருக்கும் பகுதியில், அக்கேடியாவில், வாழ்ந்த பிரெஞ்சு விவசாயிகளை 1755 முதல் பிரிட்டிஷார் ஊரை விட்டே துரத்தினார்கள். அப்படி அலைந்தவர்களில் ஒரு பகுதியினர் 1760களிலிருந்து லூசியானாவின் சதுப்பு நிலங்களிலும் புல்வெளிகளிலும் குடியேறினார்கள். 1785இல் மட்டும் பிரான்ஸிலிருந்து ஏழு கப்பல்களில் சுமார் 1,600 பேர் வந்து இறங்கினார்கள். கையில் காசில்லை, வேட்டையில் கிடைத்தது, ஆற்றில் பிடித்தது, வளர்த்த பன்றி, இவ்வளவுதான். எல்லாம் ஒரே சட்டியில் வேகும். வெண்ணெய்க்குப் பதில் பன்றிக் கொழுப்பு, தக்காளிக்குப் பதில் நன்றாகச் சிவக்க வறுத்த இறைச்சியின் நிறம்.

அதனால் ஜம்பலாயாவைப் பொறுத்தவரை உங்கள் மகளின் கணக்கு அப்படியே பொருந்தும்: நகரத்தில் சிவப்பு, கிராமத்தில் பழுப்பு. ஆனால் கேஜன் வீடுகளில் செய்யும் சாஸ் பிகான்ட் என்ற காரக் குழம்பு தக்காளியில்தான் கொதிக்கிறது. இரண்டு நூற்றாண்டாகப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறவர்களின் சமையல், கலக்காமல் எப்படி இருக்கும்?

கேள்வி: வணக்கம் மேடம். ரூ (கம்போவுக்காக எண்ணெயில் வறுக்கும் மாவு) செய்யும்போது எப்போதும் கரும்புள்ளி விழுந்துவிடுகிறது. பயந்துபோய்ச் சீக்கிரம் நிறுத்தினால் கம்போ வெளிறிப்போய் மாவு வாடை அடிக்கிறது. நடுவில் எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை.

பதில்: கரும்புள்ளி விழுந்த ரூவை எதைச் சேர்த்தும் காப்பாற்ற முடியாது. கொட்டிவிட்டு, சட்டியைத் துடைத்து, மறுபடி தொடங்குங்கள். ஒரு கப் மாவும் எண்ணெயும் போனால் போகட்டும். அந்தக் கசப்பின் மேல் கோழியையும் இறாலையும் போட்டால் அவையும் சேர்ந்து வீணாகும்.

புள்ளி ஏன் விழுகிறது என்றால், சட்டியின் ஏதோ ஓர் இடத்தில் மாவு அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அடி மெல்லிய பாத்திரத்தில் தீ நேராகப் படும் இடம் மட்டும் சூடேறும், அங்கே முதலில் கருகும். அடி கனத்த வார்ப்பிரும்புச் சட்டி இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கரண்டியும் முக்கியம். நுனி தட்டையான மரக்கரண்டிதான் சட்டியின் அடியை முழுசாக வழித்தெடுக்கும், அடியும் பக்கமும் சேரும் அந்த மூலையைத் தனியாகக் கவனியுங்கள். வெண்ணெய் வேண்டாம், அதிலிருக்கும் பாலின் திடப்பொருள் மாவுக்கு முன்னால் கருகிவிடும். வாசனை இல்லாத எண்ணெய் ஒரு கப், மைதா ஒரு கப், ஆறேழு பேருக்கான கம்போவுக்கு அது போதும்.

மிதமான தீயில் வைத்துக் கிளறத் தொடங்கினால் முதல் சில நிமிடம் பச்சை மாவு வாடை வரும். அது போய்ச் சோளப்பொரி மணம் வரும்போது நிறம் வெளிர் மஞ்சள். அதற்கப்புறம் வேர்க்கடலை வெண்ணெயின் நிறம், அதற்கும் அப்புறம் செம்பு நிறம், வறுத்த கொட்டையின் மணம். கடைசியில் சாக்லேட் நிறம், மணத்தில் லேசாக ஒரு காபிக் கசப்பு தட்டும். மிதமான தீயில் இந்தக் கடைசி நிலைக்கு வர 35 முதல் 45 நிமிடம் ஆகலாம். கடிகாரத்தைவிட இன்னொன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: ஆரம்பத்தில் கரண்டி இழுத்த தடம் மூடாமல் அப்படியே நிற்கும். நிறம் ஏற ஏற மாவு இளகி, பளபளத்து, தடம் இழுத்தவுடன் மூடிக்கொள்ளும். அந்த இளக்கம் வந்துவிட்டால் கண்ணை எடுக்கவே கூடாது, அங்கிருந்து கருகுவதற்கு அதிக நேரம் பிடிக்காது.

நிறுத்துவது எப்படி என்று கேட்டீர்கள். அடுப்பை அணைத்தால் மட்டும் நிற்காது, சட்டியின் சூட்டிலேயே இன்னும் கறுத்துக்கொண்டு போகும். நறுக்கிய வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் முன்கூட்டியே பக்கத்தில் வைத்திருங்கள். வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே அவற்றைக் கொட்டிக் கிளறினால், காய்களின் நீர் சூட்டை இறக்கிவிடும். அந்த நேரத்தில் புசுபுசுவென்று ஆவி கிளம்பும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சூடான ரூ ஒரு சொட்டு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு எரிக்கும், உணவகச் சமையலறைகளில் இதற்கு ‘கேஜன் நேபாம்’ என்றே பெயர். சின்னப் பிள்ளைகள் அடுப்படியில் நிற்கும் நேரத்தில் ரூ வேண்டாம்.

நின்று கிளற முடியாதவர்கள் ஓவனில் செய்யலாம். மாவையும் எண்ணெயையும் கலந்து, ஓவனில் வைக்கத் தகுந்த கனமான சட்டியில் 175 டிகிரி செல்சியஸில் வைத்து, இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கிளறிவிட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும், ஆனால் சீராகக் கறுக்கும். பால் புருடோம் போன்ற கைதேர்ந்த சமையல்காரர்கள் எண்ணெயைப் புகையப் புகையச் சூடாக்கிச் சில நிமிடங்களிலேயே ரூவை முடித்துவிடுவார்கள். பார்க்க அழகு, ஆனால் கை பழகும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். ரூ கறுக்கக் கறுக்கக் குழம்பைக் கெட்டியாக்கும் சக்தி குறையும், ஏனென்றால் சூட்டில் மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகள் உடைந்துபோகின்றன. சாக்லேட் நிற ரூ போட்ட கம்போ நீர்க்க இருப்பது குறையில்லை, அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு கப் மாவுக்கு இரண்டு லிட்டர் ஸ்டாக் (எலும்போ காயோ வேகவைத்து வடித்த சாறு) விடலாம், கெட்டியாக வேண்டும் என்றால் செம்பு நிறத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: செலரி வாசனை வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. கேரட் போடலாமா?

பதில்: கேரட் வேண்டாம். கேரட் போட்டால் அது வெங்காயம், செலரி, கேரட் சேர்ந்த பிரெஞ்சு அடுப்படியின் மிர்புவா ஆகிவிடும், இனிப்பும் ஏறும். லூசியானாவில் வெங்காயம், செலரி, பச்சைக் குடைமிளகாய் மூன்றையும் சேர்த்து ‘புனித மும்மை’ என்பார்கள், அவ்வளவு மரியாதை. செலரியின் அளவைப் பாதியாக்கி, மிகப் பொடியாக நறுக்கி, ரூவில் பத்து நிமிடம் நன்றாக வதக்கிப் பாருங்கள். பச்சையாக இருக்கும்போது வரும் அந்த நெடி போய்விடும். பெரும்பாலும் பிடிக்காதது செலரி இல்லை, வேகாத செலரி. குடைமிளகாய் பச்சையே இருக்கட்டும், சிவப்பு இனிப்பாக இருக்கும்.

கேள்வி: வெண்டைக்காய் போட்ட கம்போ வழவழவென்று நூல் நூலாக வருகிறது. ஃபீலே பொடி எங்கும் கிடைக்கவில்லை. அதற்கு மாற்று என்ன?

பதில்: இரண்டும் ஒரே விஷயத்தைத் தொட்டவை, சேர்த்தே சொல்கிறேன். கம்போவைக் கெட்டியாக்க மூன்று வழி: ரூ, வெண்டைக்காய், ஃபீலே. ஃபீலே என்பது சாசஃப்ராஸ் மரத்தின் இலையைக் காயவைத்துப் பொடித்தது, அந்த மண்ணின் பூர்வகுடிகளான சோக்டா மக்களிடமிருந்து மற்றவர்கள் கற்றுக்கொண்டது. வெண்டைக்காய் கிடைக்கும் வெயில் காலத்தில் அதையும், கிடைக்காத குளிர் காலத்தில் ஃபீலேயையும் பயன்படுத்துவது அங்கே பழைய வழக்கம். அதனால் ஒரே சட்டியில் இரண்டும் வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். ஃபீலேயின் மண் வாசனைக்கு ஈடாக நான் எதையும் சொல்ல மாட்டேன், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். கிடைத்தால் அடுப்பை அணைத்த பிறகுதான் போட வேண்டும், கொதிக்கும் குழம்பில் போட்டால் அதுவும் நூல் நூலாகிவிடும். பலர் கிண்ணத்தில் பரிமாறிய பிறகே மேலே தூவிக்கொள்கிறார்கள்.

வெண்டைக்காயைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி, அகலமான வாணலியில் எண்ணெய் விட்டு, மூடாமல், தனியாக வதக்குங்கள். முதலில் நூல் இன்னும் அதிகமாகத் தெரியும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். 15, 20 நிமிடத்தில் நூல் அறுந்து, துண்டுகள் சுருங்கி, ஓரம் சிவக்கும். அதற்கப்புறம் கம்போவில் போட்டால் வழவழப்பு குழம்போடு கலந்து கொழகொழப்பான பதத்தை மட்டும் தரும். வதக்கும்போது ஒரு தக்காளியோ சில சொட்டு வினிகரோ சேர்த்தால் சீக்கிரம் அறுபடும். வார்ப்பிரும்பில் வதக்கினால் வெண்டைக்காய் கறுக்கும், கெடுதல் இல்லை, ஆனால் பார்க்க நன்றாக இருக்காது.

கேள்வி: ஜம்பலாயா எனக்குக் களியாகிவிடுகிறது. நிறமும் வருவதில்லை, தக்காளி போடாமல் அந்தப் பழுப்பு எப்படி வரும்?

பதில்: நிறத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதில்தான் அவசரப்படுகிறீர்கள் என்று தோன்றுகிறது. ஜம்பலாயாவின் தலைநகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் கொன்சாலஸ் ஊரில் பெரிய இரும்புக் கொப்பரையில் செய்வார்கள், அங்கே நிறம் முழுக்க இறைச்சியிலிருந்து வருகிறது. எலும்பில்லாத கோழித் தொடைக்கறியை ஈரம் துடைத்து, உப்பு மிளகு தடவி, சூடான எண்ணெயில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, தொடாமல் விடுங்கள். கூட்டமாகப் போட்டால் நீர் விட்டு வெந்துவிடும், சிவக்காது. அடியில் பழுப்பாகப் பற்று பிடிக்கும். அதைக் கொஞ்சம் ஸ்டாக் விட்டுச் சுரண்டி எடுத்து, மறுபடி வற்றவிட்டு, மறுபடி பற்றவிடுங்கள். இரண்டு மூன்று சுற்று போனால் சட்டியே அடர் பழுப்பாகிவிடும். பிறகு வெங்காயத்தைப் போட்டு அதுவும் அந்த நிறத்துக்கு வரும்வரை வதக்குங்கள். சிலர் குறுக்கு வழியாகக் கொஞ்சம் சர்க்கரையைக் கருக்கிச் சேர்ப்பார்கள், எனக்கு அந்த இனிப்பு பிடிக்காது.

இனி அரிசி. நீள ரகம் எடுங்கள். குழையும் பயம் இருந்தால் நீள ரகப் புழுங்கல் அரிசி நல்லது, லூசியானாவிலேயே பெரிய சட்டி வைக்கிறவர்கள் பலர் அதைத்தான் எடுக்கிறார்கள். இரண்டு கப் நீள ரகப் பச்சரிசிக்கு மூன்று முதல் மூன்றரை கப் ஸ்டாக் போதும், புழுங்கலுக்கு இன்னும் அரை கப். நீங்கள் களியாக்குவது இந்தக் கணக்கில்தான் என்று நினைக்கிறேன், காய்கள் விடும் நீரையும் தக்காளிச் சாற்றையும் ஸ்டாக்கில் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். ஸ்டாக் தளதளவென்று கொதிக்கும்போது அரிசியைப் போட்டு ஒருமுறை கிளறி, மீண்டும் கொதி வந்ததும் தீயைச் சிறிதாக்கி, இறுக்கமாக மூடி 20 முதல் 25 நிமிடம். நடுவில் ஒரே ஒருமுறை மட்டும் திறந்து, அடியிலிருந்து மேலாகப் புரட்டிவிடலாம். வட்டமாகக் கிண்டினால் அரிசி உடைந்து மாவு கக்கும். அணைத்த பின் பத்து நிமிடம் மூடியே இருக்கட்டும். ஸ்டாக்கை அரிசி போடும் முன்னாலேயே சுவைத்துப் பாருங்கள், சற்று உப்புக் கரிக்க வேண்டும். அரிசி அதை இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: நாங்கள் பன்றி, மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. ஆண்டூயி என்ற புகையிட்ட பன்றி சாசேஜ் இல்லாமல் கம்போ செய்தால் அது கம்போவா?

பதில்: கம்போதான். இறால், நண்டு மட்டும் போட்ட கடல் கம்போவில் பல வீடுகளில் சாசேஜே கிடையாது. ஆண்டூயி தருவது இரண்டு: பூண்டும் மிளகும் சேர்ந்த காரம், மரப்புகையின் மணம். புகையிட்ட கோழி அல்லது வான்கோழி சாசேஜை வட்டமாக நறுக்கி, இரண்டு பக்கமும் சிவக்க வறுத்து, அந்தக் கொழுப்பிலேயே காய்களை வதக்கினால் பெரும்பகுதி வந்துவிடும். லூசியானாவிலும் புகையிட்ட வான்கோழிக் கறியைப் பலர் போடுகிறார்கள். அதுவும் இல்லையென்றால் புகையிட்ட பாப்ரிகாத் தூள் ஒரு தேக்கரண்டி. திரவப் புகை என்று குப்பியில் விற்பது ஒரு சொட்டு கூடினாலும் எல்லாவற்றையும் அமுக்கிவிடும், என் ஓட்டு அதற்கு இல்லை. இறால் போடுகிறவர்கள் ஓட்டையும் தலையையும் எறியாதீர்கள். கொஞ்சம் எண்ணெயில் வறுத்து, தண்ணீர் விட்டு அரை மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டினால் அதுதான் ஸ்டாக். இறாலைக் கடைசி மூன்று நான்கு நிமிடத்தில் போட்டால் போதும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். இந்தச் சமையலில் எங்களுக்கு ஏதாவது உண்டா, அல்லது இந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போக வேண்டியதுதானா?

பதில்: புரட்டாதீர்கள், உங்களுக்கு நிறைய இருக்கிறது. தவக்காலத்தில் இறைச்சி விலக்கும் கத்தோலிக்க ஊர் அது. கீரைகளால் செய்யும் கம்போ சேர்ப் அங்கே புகழ்பெற்றது. நியூ ஆர்லியன்ஸின் டூக்கி சேஸ் உணவகத்தில் லியா சேஸ் (1923–2019) பெரிய வியாழன் தோறும் இதைப் பரிமாறியது ஊரறிந்த வழக்கம். அவருடையது மறுநாளைய விரதத்துக்கு முந்தைய விருந்து என்பதால் இறைச்சி சேர்ந்தது. இறைச்சி இல்லாமல் செய்வதும் பழைய முறைதான். கடுகுக் கீரை, பசலை, முட்டைக்கோஸ், பீட்ரூட் இலை, முள்ளங்கி இலை, கேரட் இலை, பார்ஸ்லி என்று எத்தனை வகை போட்டாலும் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். போடும் கீரைக்கு ஒன்றாக அந்த ஆண்டு புது நண்பர்கள் கிடைப்பார்கள் என்பது இன்னொரு நம்பிக்கை, எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. கீரையை வேகவைத்த தண்ணீரே ஸ்டாக். கீரையைப் பாதி அரைத்தும் பாதி நறுக்கியும் செம்பு நிற ரூவில் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். இறைச்சி இல்லாத குறையை ரூ தீர்க்கும், காளானைத் தனியாகக் கருஞ்சிவப்பாக வறுத்துச் சேர்த்தால் இன்னும் கனம் கூடும்.

இனிப்புச் சோளத்தைக் கதிரிலிருந்து சீவி, கத்தியின் முதுகால் பாலையும் வழித்து, வெங்காயம், குடைமிளகாய், தக்காளியோடு வெண்ணெயில் வதக்கும் மாக் ஷூவும் உங்களுக்கானதுதான். ஓர் எச்சரிக்கை: வூஸ்டர் சாஸ் பெரும்பாலானவற்றில் நெத்திலி இருக்கும், குப்பியின் சீட்டைப் படித்து வாங்குங்கள்.

கேள்வி: சிவப்பு பீன்ஸும் சோறும் ஸ்லோ குக்கரில் போட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா?

பதில்: ஊறவைத்த பீன்ஸை நேராகப் போடவே கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். சிவப்பு கிட்னி பீன்ஸில் லெக்டின் என்ற நச்சு இருக்கிறது, ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் அது அழியாது, கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்கவைத்துவிட்டு, பிறகு எதில் வேண்டுமானாலும் வேகவையுங்கள்.

நியூ ஆர்லியன்ஸில் இது திங்கட்கிழமைச் சாப்பாடு. அந்தக் காலத்தில் திங்கள்தான் துணி துவைக்கும் நாள். ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய ஹாம் எலும்போடு பீன்ஸ் தானாக வெந்துகொண்டிருக்கும். அந்த ஊரில் பிறந்த இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் தன் கடிதங்களை "ரெட் பீன்ஸ் அண்ட் ரைஸ்லி யுவர்ஸ்" என்று எழுதி முடிப்பார், அவ்வளவு பிரியம். பதம் வர, வெந்த பீன்ஸில் கால் பங்கைக் கரண்டியால் சட்டியின் பக்கத்தில் அழுத்தி மசித்துவிடுங்கள், மாவு எதுவும் தேவையில்லை. வினிகரோ தக்காளியோ சேர்ப்பதாக இருந்தால் பீன்ஸ் முழுசாக வெந்த பின்பு. புளிப்பு முன்னாலேயே போனால் தோல் மென்மையாகாது.

கேள்வி: சாஸ்களைப் பற்றி விரிவாக எழுதுங்கள். எதைக் கடையில் வாங்கலாம், எதை வீட்டில் செய்வது நல்லது?

பதில்: காரச் சாஸை வாங்குங்கள், மற்றவற்றைச் செய்யுங்கள். 1868இலிருந்து ஏவரி தீவில் செய்யப்படும் டபாஸ்கோவை எடுத்துக்கொண்டால், அரைத்த மிளகாயை உப்போடு ஓக் மரப் பீப்பாய்களில் மூன்று ஆண்டு வரை புளிக்கவைத்து, பிறகுதான் வினிகர் சேர்க்கிறார்கள். அந்தப் பழசின் ருசி வீட்டில் ஒரே நாளில் வராது.

ரெமுலாட் சாஸை மட்டும் குப்பியில் வாங்காதீர்கள், வீட்டில் செய்ததற்கு அது கிட்டவே நெருங்காது. நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையும் உண்டு சிவப்பும் உண்டு. சிவப்பில் பழைய முறைக்கு மயோனைஸ் கிடையாது. முழுக் கடுகு தெரியும் கொரகொரப்பான மஸ்டர்டு மூன்று மேசைக்கரண்டி, பாப்ரிகா ஒரு மேசைக்கரண்டி, வினிகரும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்து இரண்டு மேசைக்கரண்டி, துருவிய ஹார்ஸ்ராடிஷ் (காரமான ஒரு கிழங்கு) ஒரு மேசைக்கரண்டி, ஒரு பல் பூண்டு, உப்பு, கேயன் மிளகாய்த் தூள் கொஞ்சம். இவற்றை அடித்துக்கொண்டே அரை கப் எண்ணெயை நூலாக விடுங்கள். கடைசியில் வெங்காயத்தாள், செலரி, பார்ஸ்லி மூன்றையும் மிகப் பொடியாக நறுக்கிப் போட்டு, குறைந்தது நான்கு மணி நேரம் குளிரவைக்க வேண்டும். செய்தவுடன் சுவைத்தால் மஸ்டர்டு மட்டும் குத்தும், நான்கு மணி நேரம் கழித்து எல்லாம் ஒன்றுகூடிவிடும். வேகவைத்துக் குளிரவைத்த இறாலுக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது.

சாஸ் பிகான்ட் செய்ய செம்பு நிற ரூ, மும்மை, பூண்டு, தக்காளி, ஸ்டாக், பச்சை மிளகாய், கேயன். தக்காளியின் பச்சைப் புளிப்பு போய், எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை ஒரு மணி நேரமாவது கொதிக்கட்டும். முயல், ஆமை, முதலை என்று அங்கே எதையும் இதில் போடுவார்கள், கோழிக்கும் கெட்டியான மீனுக்கும் நன்றாகவே சேரும்.

அப்புறம் ‘பார்பிக்யூ இறால்’. நியூ ஆர்லியன்ஸின் பாஸ்கல்ஸ் மனாலே உணவகம் புகழ்பெறச் செய்த இந்த உணவில் கரியும் கிடையாது, புகையும் கிடையாது, முழுக்க வெண்ணெய்ச் சாஸ். தலையும் ஓடும் உள்ள இறாலைப் பூண்டு, வூஸ்டர் சாஸ், எலுமிச்சை, கை நிறைய கருமிளகுத் தூளோடு வேகவிட்டு, வெந்ததும் தீயை அணைத்து, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டுச் சட்டியைச் சுழற்றுங்கள். அப்போதுதான் வெண்ணெய் பிரியாமல் பாலேடாகச் சேரும். சூட்டில் போட்டால் எண்ணெயாக மிதக்கும். மிளகு புதிதாகப் பொடித்ததாக இருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடத்தான் இந்தச் சாஸ்.

கேள்வி: கேஜன் மசாலாத் தூள் வீட்டில் செய்ய அளவு சொல்லுங்கள். அங்கே சாப்பாடு அவ்வளவு காரமா?

பதில்: பலர் நினைக்கும் அளவுக்குக் காரம் இல்லை. மணமும் ஆழமும் முதலில், காரம் பின்னால்தான் வரும். பாப்ரிகா இரண்டு மேசைக்கரண்டி, பூண்டுத் தூள், வெங்காயத் தூள் தலா ஒரு மேசைக்கரண்டி, கருமிளகு இரண்டு தேக்கரண்டி, வெண்மிளகு ஒன்று, கேயன் ஒன்று, தைம் இரண்டு, ஒரிகானோ ஒன்று. மூன்று மிளகும் சேர வேண்டும் என்பது புருடோமின் வழி, கேயன் நாக்கிலும் வெண்மிளகு தொண்டையிலும் தனித்தனியாகத் தெரியும். உப்பை இதில் கலக்காமல் தனியாகப் போடுங்கள். கடைத் தூள் பலவற்றில் முதல் சரக்கே உப்புதான். சாசேஜிலும் ஸ்டாக்கிலும் உப்பு இருக்கும்போது, தூளும் சேர்ந்தால் கம்போ வாயில் வைக்க முடியாமல் போவது அதனால்தான்.

கேள்வி: பிளாக்கன்ட் மீன் செய்ததில் வீடு முழுக்கப் புகை. நான்-ஸ்டிக் தவாவில் செய்தால் புகை குறையுமா?

பதில்: நான்-ஸ்டிக் வேண்டவே வேண்டாம், அந்தச் சூட்டில் அதன் பூச்சு சிதைந்து கெட்ட ஆவி கிளம்பும். இது புருடோம் 1979இல் நியூ ஆர்லியன்ஸில் திறந்த கே-பால்ஸ் உணவகத்திலிருந்து நாடு முழுக்கப் பரவிய முறை. அதற்கு அவர் எடுத்த ரெட்ஃபிஷ் மீனுக்கு ஏற்பட்ட கிராக்கியில், 1980களில் அதை வணிகத்துக்குப் பிடிப்பதையே கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. எண்ணெய் தடவாத வார்ப்பிரும்பை வெறுமனே பத்து நிமிடம் முழுத் தீயில் காயவிட்டு, உருக்கிய வெண்ணெயில் முக்கி மசாலா தூவிய, அரை அங்குலக் கனத்துக்கு மேல் போகாத மீனைப் போட்டு, பக்கத்துக்கு இரண்டு நிமிடம். புகை வரத்தான் செய்யும், எரிவது வெண்ணெயும் மசாலாவும். முடிந்தால் வெளியே அடுப்பு வைத்துச் செய்யுங்கள். முடியாவிட்டால் தீயைக் குறைத்து, வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் தடவிச் செய்யுங்கள். அந்தக் கரும்பொருக்கு வராது, ஆனால் நல்ல மீன் வறுவல் கிடைக்கும்.

கேள்வி: மிஞ்சிய கம்போவை மறுநாள் எடுத்தால் மேலே எண்ணெய் கட்டி நிற்கிறது. கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை, ரூவின் எண்ணெயும் சாசேஜின் கொழுப்பும் மேலே வந்து உறைந்திருக்கிறது. கரண்டியால் வழித்தெடுத்துவிட்டுச் சூடாக்குங்கள். கோழி கம்போ மறுநாள்தான் இன்னும் நன்றாக இருக்கும். பெரிய சட்டியோடு அப்படியே குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். சோற்றைத் தனியாக வையுங்கள், கம்போவோடு ராத்திரி முழுக்க இருந்தால் குழம்பை எல்லாம் குடித்துவிடும். இறால் போட்டதை உறையவைக்கும் எண்ணம் இருந்தால், அதற்கான பங்கை இறால் போடும் முன்பே எடுத்து வைத்து, சூடாக்கும் அன்று புது இறாலைப் போட்டுக்கொள்ளுங்கள்.